அகழ்ப்போரில் வந்த ஒரு செய்தி

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) மதீனாவை ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட கூட்டுப்படை முற்றுகையிட்டது. ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி தோண்டப்பட்ட அகழிக்கு இப்பால், சுமார் 3,000 முஸ்லிம்கள் குளிரையும் பசியையும் தாங்கி நின்றனர். அவ்வேளையில், பனூ குறைளா கோத்திரத்தார் உடன்படிக்கையை முறித்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. அது உண்மையெனில், பெண்களும் குழந்தைகளும் தங்கியிருந்த கோட்டைகளுக்கே ஆபத்து.

நபி (ஸல்) அவர்கள் அச்செய்தியைப் புறக்கணிக்கவுமில்லை, பரப்பவுமில்லை. ஸஅத் இப்னு முஆத், ஸஅத் இப்னு உபாதா (ரலி) முதலானோரை விசாரித்து வர அனுப்பினார்கள். அப்போது அவர்கள் இட்ட கட்டளையை இப்னு ஹிஷாமின் ஸீரா நூலில் காண்கிறோம்: செய்தி உண்மையாயின் தமக்கு மட்டும் விளங்குமாறு குறிப்பால் உணர்த்த வேண்டும், மக்களின் உள்ளங்களைத் தளரச் செய்துவிடக் கூடாது, பொய்யாயின் எல்லோரும் அறியச் சொல்லலாம். சென்றவர்கள் திரும்பி வந்து, முன்னர் துரோகம் இழைத்த இரு கோத்திரங்களின் பெயர்களை மட்டும் மொழிந்தனர். நபியவர்கள் தக்பீர் கூறி, முஸ்லிம்களுக்கு நன்மாராயம் சொன்னார்கள்.

கசப்பான உண்மையும் அறியப்பட வேண்டியதே. ஆயினும் அது யாரிடம், எவ்வாறு சேர வேண்டும் என்பதில் அங்கே கவனம் இருந்தது. முற்றுகையின் இறுதி இரவில் எதிரிகளின் நிலையறிய ஹுதைஃபா (ரலி) அனுப்பப்பட்டார்கள். சென்றவர் ஒருவரே, படை முழுவதும் அன்று.

ஈராண்டுகளுக்கு முன் உஹதுக் களத்தில் இதற்கு மாறான காட்சியைப் பார்க்கிறோம். நபியவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்ற வதந்தி எவ்விதத் தடையுமின்றிப் பரவியது. வீரம் மிக்க தோழர்கள் சிலர்கூடச் செயலற்று அமர்ந்துவிட்டனர். அதே வதந்தியைச் செவியுற்ற அனஸ் இப்னு நள்ர் (ரலி) அவர்களோ, நபியவர்கள் எதற்காக உயிர்நீத்தார்களோ அதற்காகவே நீங்களும் எழுந்து போரிடுங்கள் என்று கூறி முன்சென்று ஷஹீதானார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட காயங்களைச் சுமந்த அவர்களது உடலை, விரல் நுனிகளைக் கொண்டே சகோதரி அடையாளம் கண்டார். செய்தி ஒன்றே, அது சிலரை வீழ்த்தியது, ஒருவரை எழுப்பியது.

அச்சத்தையோ அமைதியையோ பற்றிய செய்தி வந்தவுடன் பரப்பிவிடுவோரைச் சூரத்துந் நிஸாவின் 83ஆம் வசனம் கண்டித்து, அதனை ஆராய்ந்தறிய வல்லோரிடம் கொண்டுசெல்லப் பணிக்கிறது.

இன்று நம் இல்லங்களில் நடப்பது என்ன? காஸாவின் துயரக் காட்சிகளை நள்ளிரவுவரை கைப்பேசியில் பார்க்கிறோம். உறக்கம் கெடுகிறது, ஃபஜ்ர் தவறுகிறது. உறுதிப்படாத தகவல்களை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிப் பிறரையும் கலங்கச் செய்கிறோம். மத்ரஸாவுக்கு வரும் சிறார்களின் பேச்சிலும் அந்த அச்சம் தெரிகிறது. பார்ப்பதை நிறுத்துவது கல்நெஞ்சம் ஆகாதா எனச் சிலர் வினவலாம். உம்மத்தின் வலியை உணர்வது ஈமானின் அடையாளமே. ஆனால் அவ்வலி துஆவாகவும் தர்மமாகவும் மாறாமல், மீண்டும் மீண்டும் திரையைத் தடவும் பழக்கமாக மட்டும் எஞ்சினால், துயருற்றோருக்கும் பயனில்லை, நமக்கும் நலமில்லை.

எனவே நாளில் ஒரு நேரத்தைக் குறித்து, நம்பத்தக்க வழியில் செய்தியறிவோம். அதன்பின் கைப்பேசியை வைத்துவிட்டுக் குடும்பத்தோடு அமர்ந்து கையேந்துவோம். குழந்தைகளுக்கு எதை, எந்த அளவில் சொல்வது என்பதைப் பெற்றோரே தீர்மானிப்போம். வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் ஸகீனத்தை இறக்கியருள்வானாக. ஆமீன்.