மடிக்கணினியின் தேய்மான உறுப்புகள்

மடிக்கணினியின் தேய்மான உறுப்புகள் என்பன, கணினியின் முதன்மைச் சுற்றுகள் நல்ல நிலையில் இருக்கும்போதே தேய்ந்தோ தீர்ந்தோ போகின்ற, தனியாக மாற்றத்தக்க சிறு பாகங்கள் ஆகும். கடிகார மின்கலம், அடிப்புற ரப்பர் கால்கள், விசைப்பலகை நடுவிலுள்ள சுட்டுக்குச்சியின் தொப்பி ஆகியன இவற்றுள் அடங்கும். இவற்றுள் சிலவற்றின் பழுது, கணினி முழுவதும் பழுதானது போன்ற தோற்றத்தைத் தருவதால், இன்னும் பயன்படத்தக்க கணினிகளும் கைவிடப்படுவதுண்டு.

கடிகார மின்கலம்

தாய்ப்பலகையுடன் இணைந்த நாணய வடிவ இலித்தியம் மின்கலம், கணினி அணைக்கப்பட்டிருக்கும்போது நேரத்தைக் காக்கிறது. பழைய கணினிகளில் பயாஸ் அமைப்புகளையும் இதுவே தக்கவைக்கிறது. பல மாதிரிகளில் பயன்படுவது 3 வோல்ட்டு கொண்ட சிஆர்2032 வகையாகும். அளவு பெயரிலேயே உள்ளது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். மெல்லிய கணினிகள் சிலவற்றில் 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிஆர்2016 காணப்படும். அண்மைய மாதிரிகள் சிலவற்றில் இது தனியாக இல்லை. முதன்மை மின்கலமே அப்பணியைச் செய்கிறது.

இது தீர்ந்தால், கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லும். கடிகாரம் திருத்தப்படும் வரை, பாதுகாப்பான இணையத்தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை எனக் கருதி உலாவி அவற்றைத் திறக்க மறுக்கும். இதனை இணைய இணைப்பின் பழுது எனக் கருதி இயங்குதளத்தையே மீண்டும் நிறுவுவதால் பயனில்லை.

மேசைக்கணினியில் இம்மின்கலம் ஒரு தாங்கியில் செருகப்பட்டிருக்கும். மடிக்கணினிகள் பலவற்றிலோ நெகிழி உறையிட்டு, இரு கம்பிகளும் ஒரு சிறு இணைப்பானும் பொருத்தப்பட்டிருக்கும். வெறும் மின்கலத்தில் கம்பிகளை நேரடியாகப் பற்றவைத்தல் ஆபத்தானது. வெப்பத்தால் அது கசியவோ வெடிக்கவோ கூடும். எனவே கம்பியுடன் விற்கப்படுவதையே வாங்க வேண்டும். இணைப்பான் ஒன்றுபோல் இருந்தும் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் இடம் மாறியிருக்கலாம் என்பதால் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். மாற்றுவதற்கு முன் மின்னேற்றியையும் முதன்மை மின்கலத்தையும் துண்டித்தல் இன்றியமையாதது.

ரப்பர் கால்கள்

இவை வழுக்காமல் இருப்பதற்கு மட்டுமே உரியவை அல்ல. அடிப்புறத் துளைகள் வழியாகக் காற்றை இழுக்கும் மாதிரிகளில், கால்கள் தரும் சில மில்லிமீட்டர் இடைவெளியே குளிர்விப்புக்கு வழியாகும். கால்கள் உதிர்ந்தால் காற்றாடி ஓயாது சுழலும். செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் துடைத்த பின்பே புதியவற்றை ஒட்ட வேண்டும். சில மாதிரிகளில் திருகாணிகள் இக்கால்களுக்கு அடியில் மறைந்துள்ளன. ஆகவே கணினியைத் திறக்கும் வேலை ஏதும் இருப்பின் அதனை முதலில் முடித்துவிட வேண்டும்.

சுட்டுக்குச்சித் தொப்பி

ஐபிஎம் நிறுவனம் 1992 இல் வெளியிட்ட திங்க்பேட் 700சி கணினியில் இடம்பெற்ற சிவப்பு நிறத் தொப்பி, நாளடைவில் விரல் எண்ணெயால் வழவழப்பாகிவிடும். இதனைக் கையால் இழுத்தே கழற்றலாம். ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவு 2005 இல் லெனோவோ வசமானது. அதன் பின்னர் வந்த மெல்லிய திங்க்பேட்டுகள் பலவற்றுக்கு உயரம் குறைந்த தொப்பிகளே பொருந்தும். உயரமான தொப்பி, கணினியை மூடும்போது திரையை அழுத்தித் தழும்பு ஏற்படுத்தக்கூடும்.