கும்மிடிப்பூண்டி ரயிலும் ரிச்சி தெருவும்

சென்னை சென்ட்ரல் நிலையத்தின் பக்கத்தில், கும்மிடிப்பூண்டி மார்க்கத்திலிருந்தும் திருவள்ளூர் மார்க்கத்திலிருந்தும் வரும் புறநகர் ரயில்கள் வந்து சேருகிற கட்டடம் நிற்குமிடத்தில், 1900-ஆம் ஆண்டு முதல் 1985 மே மாதத் தீ விபத்து வரையில் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகங்களுக்குப் பெயர்போன அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய ரேடியோவும் கிராமபோனும்கூட விலைக்குக் கிடைத்தன. இன்று அதே இடத்தில் ரயிலைவிட்டு இறங்கி, சிந்தாதிரிப்பேட்டை வழியாக ரிச்சி தெருவுக்குச் சென்று, வீட்டில் விளையாடுவதற்கென்று ஒரு கணினியை உறுப்பு உறுப்பாக வாங்கிக்கொண்டு திரும்பும் தொழிற்பேட்டை இளைஞன், தான் அறியாமலே ஒரு நீண்ட வியாபார சரித்திரத்துக்கு வாரிசாகிறான். அவன் கையிலுள்ள சீட்டில் எழுதியிருப்பவற்றுள் இரண்டைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன்: ஒன்று மதர்போர்டு, மற்றொன்று பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலர். இவ்விரண்டையும் தேர்ந்தெடுக்கும் வித்தை அடிப்படையில் உஷ்ணத்தை ஆளும் வித்தையே என்பதும், அதை நம் வட்டாரத்தார் புத்தகம் பார்த்துக் கற்றதைக் காட்டிலும் வெயிலிலும் தூசியிலும் மின்தடையிலும் அடிபட்டுக் கற்றதே அதிகம் என்பதும் என் அபிப்பிராயம்.

சென்னைக்கு ஒலிபரப்போடு உள்ள பரிச்சயம் பழையது. 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் நிலையம் இங்கே ஏற்பட்டது. வால்வு ரேடியோ வீட்டுக்குள் வந்தபோதே உஷ்ணப் பிரச்சினையும் கூடவே வந்துவிட்டது. வால்வின் இழை சிவந்து எரிந்தால்தான் பெட்டி பாடும். ஆகையால் பெட்டியின் பின்பக்க அட்டையில் வரிசையாகத் துளைகள் இட்டிருப்பார்கள், சுவரோடு ஒட்டி வைக்கவேண்டாம் என்று மெக்கானிக்கும் எச்சரித்துவிட்டுப் போவார். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் அதன் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் ரேடியோ ஸ்பேர் விற்ற கடைகள், டிரான்சிஸ்டர் வந்தபோது டிரான்சிஸ்டருக்கும், 1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு டி.வி. உறுப்புகளுக்கும், பிறகு கேசட்டுக்கும் மாறின. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழரின் பிழைப்புக்காக 1969-இல் கடற்கரை நிலையத்தருகே ஏற்பட்ட பர்மா பஜார் அயல்நாட்டு மின்சாதனங்களை முழு உருப்படியாக விற்றது. ரிச்சி தெருவோ உறுப்புகளை விற்றது. இந்த வித்தியாசம் அற்பமானதன்று. உறுப்புகளை விற்கிறவன், எதனோடு எது பொருந்தும் என்ற கேள்விக்குத் தினந்தோறும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

கணினி இத்தெருவுக்கு வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1984-இல் மத்திய அரசாங்கம் வகுத்த கணினிக் கொள்கையும், 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தமும், 1997-இல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்பச் சாதன ஒப்பந்தமும் இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைக்கவே, கம்பெனி முத்திரையிட்ட கணினியைவிடக் குறைந்த விலையில் 'அசெம்பிள்' செய்த கணினி நடுத்தரக் குடும்பங்களை எட்டியது. தொடக்கத்தில் கூலர் என்ற பேச்சே கிடையாது. 8088, 286 முதலிய பழைய பிராசஸர்கள் வெறுங்காற்றிலேயே குளிர்ந்துகொண்டன. 1993-இல் பென்டியம் வந்தபோது அதன் 66 மெகாஹெர்ட்ஸ் வகை ஏறக்குறைய 16 வாட் உஷ்ணத்தை வெளியிட்டதால், அலுமினிய ஹீட் சிங்கும் சிறு மின்விசிறியும் தவிர்க்க முடியாதவை ஆயின. 1995-இல் மதர்போர்டுகளுக்கென்று இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு, அதாவது 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர், எந்தக் கம்பெனியின் போர்டும் எந்தக் கம்பெனியின் கேபினெட்டிலும் உட்காரும் என்ற நிலையை உண்டாக்கிற்று. ரிச்சி தெருவின் ஐசுவரியத்துக்கு இந்த ஓர் ஏற்பாடு செய்த உபகாரத்தை எவ்வளவு சொன்னாலும் தகும்.

பிரவுசிங் சென்டர்களில் ஏஜ் ஆஃப் எம்பையர்ஸும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் பழகிய பையன்கள் வீட்டிலும் அப்படியொரு யந்திரம் வேண்டுமென்று பெற்றோரை வேண்டிய காலத்தில்தான் உஷ்ணம் கைமீறிற்று. 2004-இல் வெளிவந்த பிரஸ்காட் என்னும் பென்டியம் 4 வகை 115 வாட் வரையில் எரித்தது. அந்த வருஷத்து அக்டோபரில் இன்டெல், தான் அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரையே கைவிட்டது. அதே வருஷம் வந்த, பிராசஸர் உட்காரும் புது சாக்கெட்டில் கூலரைப் பொருத்த நான்கு பிளாஸ்டிக் முளைகள் கொடுத்தார்கள். முளையை அழுத்தும்போது 'டக்' என்ற ஓசை நான்கு முறையும் கேட்கவேண்டும்; ஒரு முளை பாதி ஏறி நின்றாலும் கூலரின் அடித்தகடு ஒருபுறம் தூக்கிக்கொள்ளும், விளையாட்டு ஆரம்பித்த சிறிது நேரத்தில் கணினி தானே அணையும். போர்டைக் கேபினெட்டிலிருந்து கழற்றி, பின்பக்கம் திருப்பி, நான்கு முளைகளும் சமமாக விரிந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்ப்பது அக்காலத்து மெக்கானிக்குகளின் வழக்கம்.

அதனினும் பெரிய துன்பம் கெப்பாசிட்டரால் வந்தது. 2000-ஐ ஒட்டிய சில வருஷங்களில் உற்பத்தியான பல போர்டுகளில், தவறான ரசாயனக் கலவையால் ஆன கெப்பாசிட்டர்கள் ஓரிரு வருஷத்திலேயே தலை உப்பி, பழுப்பு நீர் கக்கின. பிராசஸரைச் சுற்றி நின்றவையே பெரும்பாலும் முதலில் கெட்டன, ஏனெனில் அனலும் மின்சாரச் சுமையும் அங்கேதான் அதிகம். ரிச்சி தெருவின் மாடிப்படி ஓரங்களில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்த பழைய ரேடியோ மெக்கானிக்குகள், உப்பிய கெப்பாசிட்டர்களைக் கழற்றி 105 டிகிரி தாங்கும் புதியவற்றை வைத்து, குப்பைக்குப் போகவிருந்த போர்டுகளை உயிர்ப்பித்தார்கள். வால்வு காலத்துக் கைத்திறன் கணினிக்குப் பயன்பட்ட இந்த இடத்தை யாரும் விரிவாக எழுதிவைக்காதது எனக்கு வருத்தமே.

இனி நம் வட்டாரத்தின் தன்மையைப் பார்க்கவேண்டும். 1964-இல் ஏற்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், 1971-இல் தோன்றிய சிப்காட் ஸ்தாபனத்தின் மூலம் கும்மிடிப்பூண்டியும் வளர்ந்த பிறகு, இந்தப் பிரதேசத்தில் இரும்பு உருக்குவதும் கம்பி இழுப்பதும் அச்சில் வார்ப்பதும் பிழைப்பாயின. உருக்காலைகளை அடுத்த வீடுகளில் ஜன்னலோரம் படியும் கரும்பொடி, சாதாரண மண் தூசியைப் போலன்றி மின்சாரத்தையும் கடத்தக்கூடியது. மழைக்காலத்து ஈரத்தோடு சேர்ந்தால் போர்டின் மெல்லிய தடங்களுக்கு அது சத்துரு. கிழக்கே பழவேற்காட்டு உப்புக் காற்று. மேற்கே திருத்தணி, கோடையில் தமிழகத்தின் கடும் வெயில் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் வேலூரோடு அடிக்கடி இடம்பெறுவது. 2008-க்குப் பிந்தைய சில வருஷங்களில் மின்வெட்டு வேறு சேர்ந்துகொண்டது: மின்சாரம் போய்த் திரும்பும் அந்தக் கணத்து அதிர்ச்சியை முதலில் வாங்குவது கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்., அடுத்து மதர்போர்டு.

கூலர் விற்பவர்கள் அட்டைப்பெட்டியில் அச்சிடும் கணக்குகள் இத்தகைய அறைகளில் எடுத்தவை அல்ல. ஒரு கூலர், குறிப்பிட்ட சுமையில் பிராசஸரை அறைக்காற்றைவிட 50 டிகிரி அதிகத்தில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். அறை 25 டிகிரி என்றால் பிராசஸர் 75-இல் நிற்கும். சித்திரை மாதத்துப் பிற்பகலில், சிமென்ட் ஷீட் கூரையின் கீழ், அறையே 38 டிகிரி என்றால் அது 88 ஆகும். கிராபிக்ஸ் கார்டு கக்கும் அனல் கேபினெட்டுக்குள்ளேயே தங்கினால் இன்னும் சில டிகிரி ஏறும். இக்காலத்துப் பிராசஸர்கள் 95 அல்லது 100 டிகிரியை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்பவை. ஆகவே விலை கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு அனலுக்கே காணிக்கையாகிவிடுகிறது. 125 வாட் என்று அடிப்படைக் கணக்குச் சொல்லி, உச்சத்தில் 253 வாட் வரை ஏறும் கோர் ஐ9-14900கே போன்றதை ஏ.சி. இல்லாத அறையில் வைப்பதைவிட, 65 வாட் ரகத்தில் ஒன்றை நல்ல கூலரோடு வைப்பதே இந்த ஊருக்கு உசிதம் என்று தயங்காமல் சொல்வேன்.

கூலருக்குள் நடப்பதை இப்பகுதித் தொழிலாளிக்கு விளக்க வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் கண்டென்சரில், டர்பைனைச் சுழற்றிய நீராவி குளிர்ந்து மறுபடி நீராகிறது. டவர் கூலரின் செப்புக் குழாய்க்குள்ளும் அவ்வாறே நடக்கிறது. காற்று நீக்கி மூடிய அக்குழாயில் சில துளி நீரே இருக்கும். அழுத்தம் குறைவாகையால் அது சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகி, மேலேயுள்ள அலுமினியத் தகடுகளுக்குச் சென்று, அனலை விட்டுவிட்டு நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சின் வழியே திரும்பி வருகிறது. தண்ணீர் குளிர்விப்பான்களை நான் வெறுக்கவில்லை. ஆனால் பம்ப் நின்றால் எல்லாம் நிற்கும், செப்புக் குழாயிலோ நிற்பதற்கு ஒன்றுமில்லை, விசிறி கெட்டால் இன்னொரு விசிறி மாட்டலாம். ஒன்றை மாத்திரம் கடையிலேயே அளந்துகொள்ளவேண்டும்: டவரின் உயரம் 155, 160 மில்லிமீட்டர் என்றிருக்க, கேபினெட்டின் அகலம் இடங்கொடாவிட்டால் பக்கக் கதவு மூடாது.

மதர்போர்டு விஷயத்தில் வண்ண விளக்குகளைப் பார்த்து மயங்குகிறவர்களே அதிகம். பார்க்கவேண்டியது பிராசஸருக்குப் பக்கத்தில், மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கும் மாஸ்ஃபெட்டுகளின் வரிசையை. அவற்றின் மேல் கனமான உலோகப் பட்டை இருக்கிறதா, வெறுமனே விடப்பட்டிருக்கின்றனவா என்பதை. வெறுமனே விடப்பட்ட போர்டு குளிர்ந்த அறையில் குறையின்றி ஓடும், நம் ஊர்க் கோடையில் அதுதான் முதலில் தளரும். அடுத்தது சாக்கெட்டின் ஆயுள். 2016-இல் வந்த ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு ஏ.எம்.டி. கம்பெனி பல வருஷங்கள் புதுப் பிராசஸர்களைத் தந்துகொண்டே இருந்ததால், பழைய போர்டை மாற்றாமலே, அதிலுள்ள பயாஸ் மென்பொருளை மட்டும் புதுப்பித்து, 2022-இன் பிராசஸர் வரையில் ஏற்றிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அந்த சாக்கெட்டில் ஓர் ஆபத்தும் இருந்தது: ஊசிகள் பிராசஸரில் இருந்தன. பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே அனலைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கக் கூலரை அவசரமாக இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டைவிட்டுப் பிய்ந்து வந்து ஊசிகள் வளைந்துபோகும். அறிந்தவர்கள் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளகச்செய்து, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பிய பிறகே தூக்குவார்கள். 2022-இன் ஏ.எம்.5-இல் ஊசிகள் போர்டுக்கு இடம் மாறிவிட்டன. அவற்றின்மேல் விரல்கூடப் படலாகாது.

கும்மிடிப்பூண்டித் தாலுகாவின் மாநெல்லூரில் மின்னணு உற்பத்திக்கென்று ஒரு தொழிற்பூங்காவை சிப்காட் அமைத்துவருகிறது. ரிச்சி தெருவில் உறுப்பு வாங்கித் திரும்பியவர்களின் பிள்ளைகள் அங்கே உறுப்புகளைச் செய்யும் காலம் வரவேண்டுமென்பது என் மனப்பூர்வமான ஆசை. அதுவரையில், ஏற்கெனவே வீட்டிலுள்ள யந்திரத்துக்குச் செய்யவேண்டிய கடமை ஒன்று உண்டு: மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் பிறக்குமுன், மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, கூலரின் தகடுகளுக்கிடையே அடைத்த கரும்பொடியை மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்து, பழைய பேஸ்ட் காய்ந்திருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்துப் புதிதாக இடவேண்டும்.