புகைக்கரியும் அந்துப்பூச்சியும் - கண்முன் நிகழ்ந்த கூர்ப்பின் வரலாறு

சாள்ஸ் டார்வின் 1859 ஆம் ஆண்டில் இனங்களின் தோற்றம் பற்றிய தமது நூலை வெளியிட்டபோது, இயற்கைத் தேர்வு மிக மெதுவாகவே தொழிற்படும் என்றும், அதன் போக்கை மனிதன் தன் வாழ்நாளிற் காண்டல் அரிது என்றும் கருதினார். ஆயின், அந்நூல் வெளிவருவதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னரே, 1848 இல், மன்செஸ்ரர் நகரிற் பிடிபட்ட கரிய அந்துப்பூச்சி ஒன்று அக்கருத்துக்கு மாறான சான்றாக அமைந்திருந்தது. அதன் பொருளை அன்று எவரும் உணர்ந்திலர்.

'பிஸ்ரன் பெற்றுலேரியா' என அறிவியலாளர் அழைக்கும் இப்பூச்சியின் வழமையான வடிவம் வெண்ணிறச் சிறகுகளில் மிளகுப்பொடி தூவினாற்போலக் கரும்புள்ளிகள் கொண்டது. இரவிற் பறந்து பகலில் மரங்களில் ஒட்டி உறங்கும் இதற்கு, இலைக்கன்கள் படர்ந்த மரப்பட்டையே மறைவிடம். கைத்தொழிற் புரட்சியின் விளைவாக எழுந்த ஆலைகள் நிலக்கரியை எரித்தன. அவற்றின் புகையால் இலைக்கன்கள் அழிந்தன. மரங்கள் கரி படிந்து கறுத்தன. 1895 அளவில் மன்செஸ்ரர்ப் பகுதியில் இப்பூச்சிகளுள் ஏறத்தாழ 98 சதவீதம் கரிய வடிவினவாயிருந்தன.

இம்மாற்றத்தின் காரணம் யாது? கறுத்த மரத்தில் வெண்பூச்சி பறவைகளின் கண்ணில் எளிதிற் படுகின்றது. கரும்பூச்சி தப்பிப் பிழைத்து இனம் பெருக்குகின்றது என ஜே. டபிள்யூ. ரட் என்னும் பூச்சியியலாளர் 1896 இல் விளக்கினார். 1924 இல் ஜே. பி. எஸ். ஹோல்டேன் இதனைக் கணிதத்துக்கு உட்படுத்தினார். அரை நூற்றாண்டில் இத்துணைப் பெருமாற்றம் நிகழவேண்டுமாயின், கரிய வடிவம் மற்றையதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச்சென்றிருத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிபாகும். அக்கால அறிஞர் பலர் எண்ணியதிலும் இது மிக வலிய தேர்வாகும்.

இக்கருதுகோளைக் களத்திற் சோதித்தவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேணாட் கெற்றில்வெல் ஆவார். அடையாளமிட்ட பூச்சிகளை விடுத்து மீளப் பிடிப்பது அவர் கையாண்ட முறை. 1953 இல், மாசடைந்த பேர்மிங்காம் காட்டில், கரியவற்றுள் 27.5 சதவீதமும் வெளிறியவற்றுள் 13 சதவீதமும் மீண்டன. 1955 இல், மாசற்ற டோர்செற் காட்டில், முடிபு தலைகீழாயிற்று, வெளிறியவை 12.5 சதவீதமும் கரியவை 6.3 சதவீதமும் மீண்டன. பறவைகள் பூச்சிகளைத் தெரிந்து உண்பதை நிக்கோ தின்பேர்கன் படமாக்கினார்.

இச்சான்று பாடநூல்கள் பலவற்றில் இடம்பெற்றது. எனினும் குறைகளும் சுட்டப்பட்டன. பூச்சிகள் பகலிலே விடப்பட்டன; அவை அமர்ந்த இடங்களும் அவற்றின் செறிவும் இயற்கையானவையல்ல என ஆய்வாளர் கூறினர். 1998 இல் மைக்கல் மஜெரஸ் தமது நூலில் இக்குறைகளைத் தொகுத்துரைத்தார். ஆயினும் அடிப்படை முடிபை அவர் மறுத்தாரல்லர். கூர்ப்புக் கொள்கையின் எதிர்ப்பாளர்களோ இதனைப் பற்றிக்கொண்டு, கதை முழுவதுமே பொய்யென்றனர். 2002 இல் வெளியான ஜூடித் ஹூப்பரின் நூல் கெற்றில்வெல்லின் நேர்மையையே ஐயுற்றது.

ஐயத்துக்கு மஜெரஸ் சொற்களால் விடையிறுக்கவில்லை. கேம்பிரிட்ஜ் அருகே 2002 முதல் 2007 வரை ஆறு ஆண்டுகள், 4864 பூச்சிகளை இரவில், இயற்கைக்கு ஒத்த செறிவில் விடுத்து ஆராய்ந்தார். காற்றுத் தூய்மைச் சட்டம் 1956 இல் நிறைவேறிய பின்னர் மரங்கள் படிப்படியாகத் தெளிவடைந்திருந்தன. இப்போது கரிய பூச்சிகளே பறவைகளுக்கு மிகுதியாக இரையாகின என அவர் கண்டார். 2009 இல் அவர் மறைந்தார். அவருடைய தரவுகளை வேறு அறிஞர்கள் பகுத்தாய்ந்து 2012 இல் வெளியிட்டனர். முன்னைய ஆய்வின் குறைகள் களையப்பட்டபோதும் முடிபு நிலைத்தது.

2016 இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர், 'கோர்ட்டெக்ஸ்' என்னும் பரம்பரையலகினுள் இடம்பெயரும் மரபுத்துண்டம் ஒன்று புகுந்தமையே கருமைக்குக் காரணம் எனக் கண்டு, அவ்விகாரம் 1819 ஐ அண்டி நிகழ்ந்திருக்கலாம் எனக் கணித்தனர்.

இவ்வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகின்றது. புகை பூச்சியைக் கறுப்பாக்கவில்லை; தற்செயலாய்த் தோன்றிய கருமையைப் புகை படிந்த சூழல் தேர்ந்தெடுத்தது. சூழல் மாறியபோது அதே கருமை கேடாயிற்று. எனவே இசைவாக்கம் என்பது உயர்வை நோக்கிய ஏற்றம் அன்று. ஓர் இடத்துக்கும் ஒரு காலத்துக்கும் உரிய பொருத்தமே ஆகும். மற்றையது அறிவியலின் இயல்பு பற்றியது. ஓர் ஆய்வின் குறையைச் சுட்டுவது அதன் முடிபைப் பொய்யாக்கிவிடாது. முடிபு பிழைக்குமா என்பதை மீளச் சோதித்தே அறியவேண்டும். கெற்றில்வெல்லைக் கண்டித்த மஜெரஸே அவர் முடிபை உறுதிப்படுத்தினார் என்பது இவ்விடத்தில் நினைவுகூரற்பாலது.