யப்பானிய வணிக மரபும் வாடிக்கைக்காரர் உபசாரமும்

யப்பானியர் தம் கடைக்கு வருவோரை வணங்கி வரவேற்கும் முறையைக் கண்ட பிறநாட்டார் பலர், அஃது அம்மக்களின் இரத்தத்தில் ஊறிய குணமென்று கூறி அமைவர். வரலாறு இக்கூற்றை முற்றும் ஏற்பதில்லை. பணிவும் இன்சொல்லும் அந்நாட்டிற்குப் பழையனவே. ஆயின் அவை கடைவாயிலுக்கு வந்து சேர்ந்த காலமும், கொணர்ந்த மனிதரும், அதற்குரிய காரணங்களும் ஓரளவு திட்டமாகச் சொல்லத்தக்கன.

தொக்குகாவா மரபினர் ஆட்சியில் (1603–1868) யப்பானியச் சமூகம் போர்மறவர், உழவர், கைவினைஞர், வணிகர் என நால்வகையாக எண்ணப்பட்டது. வணிகர் கடைசியில் வைக்கப்பட்டனர். தாம் எதனையும் ஆக்காது, பிறர் ஆக்கியதை விற்றுப் பொருளீட்டுவோர் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். ஆயினும் சிற்றரசர் முறைவைத்து எடோ நகரில் (இன்றைய தோக்கியோ) வந்து தங்கவேண்டுமென 1635 இல் விதிக்கப்பட்டபின், அந்நகர் வாங்குவோர் நிறைந்த பெருநகராயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் மக்கட்டொகை ஏறத்தாழப் பத்து இலட்சம். இழிந்தவனெனக் கருதப்பட்ட வணிகன் அங்கே தன் நாணயத்தைத் தன் நடத்தையாலேயே நிலைநாட்டவேண்டியவனானான்.

ஈசே நாட்டு மற்சுசாக்காவிற் பிறந்த மிற்சுயி தக்கதோசி என்பார் 1673 இல் எடோவில் 'எச்சிகோயா' என்னும் துணிக்கடையைத் திறந்தார். அதுவரை பட்டு வணிகர் சரக்கை மாளிகைகளுக்குச் சுமந்து சென்று காட்டிக் கடனுக்கு விற்பர். பணம் தவணைக் காலத்திலேயே வரும். காத்திருப்பதற்கான வட்டியும், வராத கடனின் நட்டமும் விலையில் ஏறும். அவ்விலையும் ஆளுக்கொரு விதமாயிருக்கும். துணியை முழுச்சுருளாகவன்றி வெட்டிக் கொடுக்கும் வழக்கமுமில்லை. தக்கதோசி இவையனைத்தையும் தலைகீழாக்கினார். விற்பனை கடையிலேயே, விலை ஒன்றே, பணம் கையிலே, வேண்டிய அளவு துணி வெட்டித் தரப்படும். தச்சனும் குயவனும் சிறுவேலைக்காரியும் தத்தம் கைக்காசுக்கேற்பப் பட்டு வாங்கலாமென்பது அந்நாளிற் சிறு செய்தியன்று.

தொழிற்போட்டியாளர் வாளாவிருக்கவில்லை. அண்டைக் கடைக்காரர் எச்சிகோயாவின் அடுக்களையை நோக்கிக் கழிவிடம் கட்டினரென்று அக்குடும்ப வரலாறு கூறும்! 1682 ஆம் ஆண்டின் முடிவிலே பரவிய பெருந்தீயின் பின், 1683 இல் கடை சுருகாச்சோ என்னும் இடத்திற்கு மாறியது. அப்பொழுது நிறுத்த விலையையும் கைக்காசு விற்பனையையும் அறிவிக்கும் துண்டுப்பிரசுரங்கள் நகரெங்கும் வழங்கப்பட்டன. விளம்பர வரலாற்றில் இவை பெயர்பெற்றவை. மழை வந்தாற் கடைக்கு வந்தவர்க்குக் குடை இரவல் கொடுக்கப்பட்டது. குடையிலே கடையின் சின்னம். மழைநாளில் நகரத் தெருக்கள் எச்சிகோயாவின் பெயரைத் தாமே சுமந்து சென்றன. உபசாரம் எங்கே முடிந்து விளம்பரம் எங்கே தொடங்குகிறதெனப் பிரித்தறிவது இங்கே எளிதன்று. இஹரா சைக்கக்கு என்னும் ஆசிரியர் 1688 இல் வெளியிட்ட வணிகர் கதைகளில் இக்கடையைச் சிறப்பித்துள்ளார். இதுவே பின்னர் மிற்சுக்கோசி என்னும் பேரங்காடியாயிற்று.

வணிகனின் இலாபம் போர்மறவனின் ஊதியம் போன்று நேரியதே என்று நிறுவியவர் இசிதா பைகன் (1685–1744). இவர் 1729 முதல் கியோத்தோவில் எளியோர்க்கும் விரிவுரை நிகழ்த்தினார். நேர்மையில்லா இலாபம் வணிகனையே அழிக்குமென்பது அவர் கொள்கை. தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணும் வாணிகத்தை வள்ளுவர் நடுவுநிலைமையிற் கூறினார். மிகை கொள்ளாத, குறை கொடாத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை காட்டும். அளவையிற் குறைத்த மத்யன் நகரத்தாரை நபி சுஐப் எச்சரித்ததைத் திருக்குர்ஆன் கூறும்.

மொழியிலும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. யப்பானிய மொழியில் வாங்குவோன் செயலை உயர்த்தவும், விற்போன் செயலைத் தாழ்த்தவும் தனித்தனி வினைச்சொற்கள் உள. அக்கரைப்பற்றுக் கடைத்தெருவிலோ வருபவர் காக்கா, தம்பி, மச்சான், ராத்தா, மாமி ஆகின்றார். யப்பானியக் கடைக்காரன் வாடிக்கைக்காரரைத் தனக்கு மேலே ஏற்றி வைக்கிறான்; அக்கரைப்பற்றார் அவரைத் தம் வீட்டினுள்ளே சேர்த்துக்கொள்கின்றனர். உறவென்று சேர்த்தபின் பேரமும் உண்டு, கடனும் உண்டு.

இக்கடன் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எச்சிகோயாவின் முறையை அப்படியே இங்குக் கொணர்ந்தாலென்னவென்று கேட்போர் உளர். எடோவிற் கடன் பெற்றவர் மாளிகையார். கடனை ஒழித்தமையால் எளியோர் பயனடைந்தனர். அம்பாறைக் கரையோரத்து நெல்வட்டைகளை நம்பிய ஊர்களிற் கடன் கொப்பியிற் பெயருள்ளவர் பெரும்பாலும் உழவரும் கூலியாளருமே. பெரும்போக விதைப்பிற்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் அரிசியும் சீலையும் அவர்க்கு அக்கொப்பியாலேயே கிடைக்கின்றன. வெள்ளத்தில் வயல் அழிந்த ஆண்டில் அக்கணக்கு அடுத்த போகத்திற்குத் தள்ளிவைக்கப்படுவதுமுண்டு. அங்கே எளியோர்க்குக் கதவைத் திறந்த அதே விதி, இங்கே அவர்முன் கதவை அடைக்கும். நிறுத்த விலையை ஏற்பதில் நன்மையுண்டு. பேசத் தெரியாதவன் ஏமாறமாட்டான். கைக்காசு விதியை ஏற்குமுன் கொப்பியைப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

யப்பானிய முறைக்கும் ஒரு விலை இருந்தது. மினாமி ஹருவோ என்னும் பாடகர், தம் அவையோரைத் தெய்வமாக எண்ணிப் பாடுவதாக 1961 இல் மேடையிற் கூறினார். அச்சொல் பின்னர்ப் பாடலை விட்டுக் கடைக்குட் புகுந்தது. வாடிக்கைக்காரரே தெய்வமெனின் அவர் ஏசினாலும் தலைவணங்க வேண்டுமென்றாயிற்று. மன்னிப்புக் கேட்டு மண்டியிடச் செய்யப்பட்ட சிற்றூழியரும் உளர். 2024 ஒக்டோபரில் தோக்கியோ மாநகர மன்றம், வாடிக்கைக்காரர் ஊழியரைத் துன்புறுத்துவதைத் தடைசெய்யும் விதியொன்றை நிறைவேற்றியது. அது 2025 ஏப்பிரல் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. மீறுவோர்க்குத் தண்டனை எதுவும் அதிற் கூறப்படவில்லை.