நீளமான ஸ்க்ரீன்ஷாட்டின் தாத்தா

லேப்டாப்பின் மூலையில் 'பிரிண்ட் ஸ்க்ரீன்' என்று ஒரு விசை கிடக்கிறதே, அது பெயருக்கேற்ற வேலையைச் செய்த காலம் ஒன்று இருந்தது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில், ஷிஃப்டோடு சேர்த்து அதை அமுக்கினால் திரையில் இருக்கும் எழுத்தெல்லாம் நேராகப் பிரிண்டருக்குப் போகும். வரிக்கு 80 எழுத்து, 25 வரி, அவ்வளவுதான் திரை. ஆனால் பிரிண்டரில் மடிப்பு மடிப்பாகத் தொடர் காகிதம். அடுத்த திரை முந்தையதன் கீழேயே வந்து விழும். நீளமான ஸ்க்ரீன்ஷாட்டின் தாத்தா அதுதான் என்பேன்!

பிறகு விண்டோஸில் அந்த விசை கிளிப்போர்டுக்கு மாறியது. படம் கிடைத்தது, நீளம் போயிற்று. நீண்ட பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிடித்து ஒட்டவேண்டும். வங்கிக்காரனுக்கு இதில்தான் பயம். ஒட்டுமிடத்தில் ஒரு வரி விழுங்கப்பட்டால் யாருக்கும் தெரியாது. தகராறே அந்த வரியில்தான் இருக்கும்.

2017-ல் ஃபயர்பாக்ஸ் முழுப்பக்கப் படம் எடுக்கும் வசதியைத் தந்தது. அதே வருடம் குரோம் 59-ம் தந்தது, டெவலப்பர் கருவிகளுக்குள் ஒளித்துவைத்து! (எஃப்12, பிறகு கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பி, 'ஸ்க்ரீன்ஷாட்' என்று தட்டுங்கள்.) இவை ஒட்டுப்போடுவதில்லை, பக்கத்தை முழு நீளத்துக்கு வரைந்து எடுக்கின்றன. உருட்டினால்தான் வரும் படங்கள் மட்டும் வெற்றுக் கட்டமாக விழலாம், ஆகவே முதலில் கடைசிவரை உருட்டிவிடுங்கள்.

ஊரிலிருக்கும் அப்பா அம்மாவின் கணக்கை இங்கிருந்தே கவனிப்பவர்கள், பிரச்சினை என்றால் படத்தோடு பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்டையும் இறக்கி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு சான்றிதழும் கேட்கிறது.