பெயருக்கு விட்ட இடம்

சான்றிதழ் ஒன்றைக் கையில் வாங்குகிறவர் முதலில் தேடுவது தம் பெயரைத்தான். மற்ற வரிகளெல்லாம் எல்லாருக்கும் பொதுவானவை. அந்த ஒரு வரியே அவருக்கு உரியது. பொது வாசகத்தை ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்த அச்சுப்பொறியும், நெடுங்காலம் அந்த ஒரு வரியை மட்டும் மனிதக் கைக்கே விட்டுவைத்திருந்தது. மத்ரஸா ஆண்டு விழாவுக்கு முந்திய இரவில், நல்ல கையெழுத்து வாய்த்த உஸ்தாது ஒருவர் சான்றிதழ்க் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு பெயர்களை எழுதும் காட்சி நம் ஊர்களுக்குப் புதிதன்று.

இன்று அந்தக் கைக்கு வேலை குறைந்துவிட்டது. கலந்துகொள்வோர் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்புகிறார்கள். அவ்விவரங்கள் விரிதாளில் ஆளுக்கு ஒரு வரிசையாகப் போய் அமர்கின்றன. பெயருக்கு ஒரு கட்டம், ஊருக்கு ஒரு கட்டம், மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கட்டம். சான்றிதழின் மாதிரி தனியே இருக்கும். அதில் பெயர் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிகளுக்குள் ‘பெயர்’ என்ற சொல் மட்டும் நிற்கும். சிறு நிரல் ஒன்று விரிதாளை வரிசை வரிசையாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் மாதிரியைப் படியெடுத்து, குறி இருக்கும் இடத்தில் பெயரை வைத்து, பிடிஎஃப் கோப்பாக்கி, உரியவரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுகிறது. ஓர் இரவு வேலை ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிகிறது.

பட்டியல், மாதிரி, இரண்டையும் சேர்க்கும் கை என்னும் இம்மூன்றும் கணிப்பொறியோடு பிறந்தவை அல்ல. இவற்றில் பட்டியலே மூத்தது. அதன் அருமையை அறிய நாம் திமிஷ்க் என்னும் தமாஸ்கஸ் நகருக்குச் செல்ல வேண்டும்.

ஹிஜ்ரி ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் அந்நகரின் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் ஹதீஸ் நூல்களும் வரலாற்று நூல்களும் சபை கூட்டி வாசிக்கப்பட்டன. ஆசிரியர் முன்னிலையில் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டு முடித்ததற்கான சான்று, அந்நூலின் ஏட்டிலேயே எழுதப்பட்டது. அதற்கு ‘ஸமாஉ’ என்று பெயர். தமிழில் ‘கேள்வி’ என்று நம் முன்னோர் வழங்கிய சொல்லே அதற்கு நேரான சொல். வள்ளுவர் அப்பெயரில் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

அந்தச் சான்றில் ஆசிரியர் பெயர், வாசித்தவர் பெயர், கேட்டவர்கள் அனைவரின் பெயர், பெயர்களை எழுதியவர் பெயர், இடம், நாள் ஆகிய அனைத்தும் இருக்கும். ‘இது சரியே’ என்னும் பொருள்பட ஆசிரியர் தம் கைப்பட எழுதி உறுதி செய்வார். ஹிஜ்ரி 550 முதல் 750 வரையிலான இத்தகைய திமிஷ்க் குறிப்புகளைத் தொகுத்து 1996 இல் ஓர் அட்டவணை நூலே வெளிவந்துள்ளது. ஆலிம்கள் மட்டுமல்லர், பெண்கள், குழந்தைகள், கைத்தொழில் செய்வோர் ஆகியோரின் பெயர்களும் அவற்றில் காணக் கிடைக்கின்றன. கல்வி வரலாற்றை ஆராய்வோருக்கு இதனினும் நம்பகமான வருகைப் பதிவேடு அக்காலத்து உலகில் கிடைப்பது அரிது என்பது நம் எண்ணம்.

அந்தப் பதிவேட்டின் நேர்மைதான் நம்மை வியக்க வைப்பது. நடுவில் வந்தவர் எந்தப் பகுதியைக் கேட்கவில்லை என்பதும் எழுதப்பட்டது. தூங்கி விழுந்தவரும் குறிப்புக்குத் தப்பவில்லை. ஐந்து வயது நிரம்பிய பிள்ளைக்குக் ‘கேட்டார்’ என்றும், அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைக்கு ‘வந்திருந்தார்’ என்றும் எழுதுவதே ஹதீஸ் துறையினரின் வழக்கம் என்று இமாம் இப்னு ஸலாஹ் (ரஹ்) பதிவு செய்கிறார். திமிஷ்கின் அஷ்ரஃபிய்யா தாருல் ஹதீஸில் ஆசிரியராக விளங்கி ஹிஜ்ரி 643 இல் (1245) மறைந்தவர் அவர். பெயர்களை எழுதுகிறவர் நம்பிக்கைக்குரியவராக இருத்தல் வேண்டும் என்றும், தீய நோக்கத்தால் எவர் பெயரையும் விட்டுவிடலாகாது என்றும் அவர் எச்சரிக்கிறார். பெயர் எழுதுவது அவர்களிடத்தில் குமாஸ்தா வேலையாக இருக்கவில்லை. அது ஓர் அமானிதமாக இருந்தது.

அங்கே சான்று ஒவ்வொன்றும் முழுவதும் கையால் எழுதப்பட்டது. மாதிரி வேறு, பெயர் வேறு என்று பிரிந்ததையும் அதே நகரம் நமக்குக் காட்டுகிறது. திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் நெடுங்காலம் கிடந்த பழந்தாள்களுள், மக்கா சென்று ஹஜ்ஜும் உம்ராவும் நிறைவேற்றியதற்கான சான்றுச் சுருள்கள் பல இருந்தன. அவை இப்போது இஸ்தான்புல் நகரின் துருக்கிய, இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் பல, பிறருக்காக நிறைவேற்றிய ஹஜ்ஜு பதலுக்கானவை. சாட்சிகளின் பெயர்களும் அவற்றில் உண்டு. அய்யூபியர் காலத்தைச் சேர்ந்த சில சுருள்களில், பொது வாசகமும் புனிதத் தலங்களின் படங்களும் மர அச்சால் பதிக்கப்பட்டிருக்க, உரியவரின் பெயர் பிறகு கையால் எழுதப்பட்டுள்ளது.

ஐரோப்பாவில் இம்முறை ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பிந்தியே தென்படுகிறது. மைன்ஸ் நகரில் 1454, 1455 ஆம் ஆண்டுகளில் ஈய எழுத்துகளால் அச்சான பாவமன்னிப்புச் சீட்டுகளில், பணம் கொடுத்தவரின் பெயருக்கும் நாளுக்கும் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. சைப்ரஸ் தீவை உதுமானியருக்கு எதிராகக் காக்கத் திரட்டிய நிதி அது. கூட்டன்பர்க் என்றால் நமக்கு பைபிள்தான் நினைவுக்கு வரும். ஆனால் நாள் குறிப்போடு கிடைக்கும் ஐரோப்பாவின் மிகப் பழைய ஈய எழுத்து அச்சுகளில் இச்சீட்டுகளும் அடங்கும்.

இனி வருவதை விரைந்தே சொல்லிவிடலாம். 1964 இல் ஐபிஎம் நிறுவனம் காந்த நாடா பொருத்திய தட்டச்சுப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் இரட்டை நாடா வகையில் ஒன்றில் கடிதமும் மற்றொன்றில் முகவரிகளும் இருக்க, பொறியே இரண்டையும் சேர்த்து அடித்தது. 1978 இல் வெளிவந்த வோர்டுஸ்டார் என்னும் எழுத்துச் செயலிக்கு மெயில்மெர்ஜ் என்ற துணை நிரல் அமைந்தது; கடிதத்தில் பெயர் வர வேண்டிய இடத்தை இரு & குறிகளுக்கு இடையே எழுதிக் காட்ட வேண்டும். 1979 இல் விசிகால்க் என்ற மின்விரிதாள் வந்தது. 2008 இல் கூகுள் தன் விரிதாளோடு இணையப் படிவத்தையும் இணைத்தது. அதற்கடுத்த ஆண்டில் வந்த அதன் நிரலாக்க வசதி, படிவத்திலிருந்து சான்றிதழ் வரையிலான பாதையை முழுமையாக்கிற்று. மாதிரியும் இணைக்கும் கையும் அளவிறந்து வளர்ந்துவிட்டன.

பட்டியல் வளர்ந்ததா? இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. 2020 இல் கொரோனா ஊரடங்கு நாட்களில் நம் கல்லூரிகள் இணையவழிக் கருத்தரங்குகளைப் போட்டி போட்டுக்கொண்டு நடத்தின. பல இடங்களில் முடிவில் தரப்பட்ட பின்னூட்டப் படிவத்தை நிரப்பினால் போதும், சான்றிதழ் வந்து சேர்ந்தது. முழுவதும் கேட்டவருக்கும், கருவியைத் திறந்து வைத்துவிட்டுச் சமைக்கப் போனவருக்கும், இணைப்பை நண்பரிடம் வாங்கிக் கடைசி நிமிடத்தில் நுழைந்தவருக்கும் ஒரே வாசகம்தான். ‘கேட்டார்’ என்பதற்கும் ‘வந்திருந்தார்’ என்பதற்கும் உரிய வேறுபாட்டை எழுத விரிதாளில் ஒரு கட்டம் போதுமானது. அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு மனிதர் வேண்டுமே!

பெயர் விஷயத்திலும் படிவம் நம்மை வருத்துகிறது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும் படிவத்தில், தந்தையின் பெயரைத் தலையெழுத்தாக மட்டும் கொண்ட நம் பிள்ளைகள் எதை எங்கே எழுதுவார்கள்? முஹம்மது என்ற ஒரே திருப்பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். படிவத்தில் ஒன்று, பள்ளி ஆவணத்தில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்று அமைந்துவிட்டால், வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் இளைஞர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்க நேர்கிறது. ‘சான்றிதழில் பெயர் எவ்வாறு இருக்க வேண்டும்?’ என்று ஒரே கட்டத்தில் கேட்டு, அச்சுக்கு முன் உரியவரிடமே காட்டிச் சரிபார்ப்பது எளிய வழி. கையால் எழுதிய உஸ்தாது, ‘இது யூசுஃபா, யூனுஸா?’ என்று ஐயுற்று நிமிர்ந்து பார்ப்பார். நிரல் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கட்டத்தில் இருப்பதை அப்படியே எழுதிவிடுகிறது.

பட்டியலில் பெயர் உடையவருக்கு அப்பட்டியலின் மீதே உரிமை உண்டா? இக்கேள்வி ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கூஃபாவின் காழி ஹஃப்ஸ் இப்னு கியாஸ் (ரஹ்) அவர்களிடம் வழக்காக வந்தது. ஒருவர் கேட்டதற்கான சான்று மற்றொருவரின் ஏட்டில் இருந்தது. ஏட்டுக்காரர் அதைக் காட்ட மறுத்தார். உம் கையெழுத்தாலேயே அவர் பெயரை எழுதியிருந்தால் ஏட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். அவரே எழுதிக்கொண்டதாயின் உமக்குக் கட்டாயம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இந்தியாவில் 2023 இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய விவரங்களை அறியவும் திருத்தவும் ஒருவருக்கு உரிமை வகுத்திருக்கிறது. ஆனால் நம் அமைப்புகள் பலவற்றில் விழா முடிந்ததும் விரிதாள் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் தங்கிவிடுகிறது. அவர் ஊர் மாறினால் பட்டியலும் மாயமாகிறது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடர் எண் இட்டு, அந்த எண்ணையும் பெயரையும் வருகை விவரத்தையும் தாளில் அச்சிட்டு, பொறுப்பாளர் இருவர் கையொப்பத்தோடு ஜமாஅத்தின் பதிவேட்டில் ஒட்டி வைப்பதற்கு ஆண்டுக்கு நான்கைந்து தாள்களுக்கு மேல் தேவைப்படாது.