செங்காந்தள்: மலையிலிருந்து தொட்டிக்கு



மாடித்தோட்டம் போட்டிருக்கும் சிலர், "சார், செங்காந்தள் கிழங்கு எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். கிழங்கு வேண்டாம், விதை போடுங்கள் என்பதுதான் என் பதில். காரணம் சொல்ல வேண்டுமானால் இந்தச் செடியின் வரலாற்றையே சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன் அடிவாரங்களில் ஐப்பசி, கார்த்திகையில் புதர் மேல் தீப்பிடித்தது போலப் பூத்திருக்குமே, அதுதான். கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று பல பெயர்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். அந்த வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள். திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடுவது காந்தள். வேலன் ஆடும் வெறியாட்டுக்குத் தொல்காப்பியம் வைத்த துறைப்பெயரும் காந்தள்தான். இன்று அது நம் மாநில மலர்.

1753இல் லின்னேயஸ் இதற்குக் குளோரியோசா சூபர்பா என்று பெயர் வைத்தார். புகழ், பெருமிதம் இரண்டும் அந்தப் பெயரில் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலும் இது காட்டுச்செடி. ஜிம்பாப்வேயின் தேசிய மலர். 1947இல் அங்கே போன இளவரசி எலிசபெத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து இந்தப் பூ வடிவில் வைர ஊசி ஒன்று பரிசளித்தார்கள்.

இனி விஷயத்தின் மறுபக்கம். செடி முழுக்க நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். அந்த நஞ்சின் பெயர் கோல்சிசின். 1820இல் பிரான்சில் பெல்லெட்டியே, கவென்டூ என்ற இருவர் வேறொரு செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். செல் இரண்டாகப் பிரிவதை இது தடுத்துவிடும். 1937இல் பிளேக்ஸ்லீ இதைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிக் காட்டினார். விதையில்லாத் தர்ப்பூசணி அந்த வழியில் வந்ததுதான். மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்து வரும் கீல்வாதத்துக்கு இன்றும் இது ஒரு மருந்து. அளவு மிஞ்சினால் உயிர் போகும். இலங்கையில் வத்தாளங்கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று இறந்தவர்கள் உண்டு.

இந்த மருந்துக்காகத்தான் பூ மலையை விட்டு வயலுக்கு இறங்கியது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், ஜெயங்கொண்டம், வேதாரண்யம், நம் சேலம் பக்கம் எல்லாம் விதைக்காகச் சாகுபடி செய்கிறார்கள். கொடி ஏறுவதற்குக் கிளுவை, விராலி நடுவார்கள். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்க வேண்டும். விதை ஏற்றுமதி ஆகிறது. விலையோ ஒரு வருடம் மலை, மறு வருடம் மடு.

இதில்தான் சிக்கல். வயலில் நடுவது விதையை அல்ல, கிழங்கை. விதை போட்டால் பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும். விவசாயியால் காத்திருக்க முடியாது. அதனால் காட்டிலும் வேலியோரத்திலும் இருந்த கிழங்குகளைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். விதை வெளிநாடு போனது, கிழங்கு வயலுக்குப் போனது, மலையில் குழிதான் மிச்சம். கபிலர் முதலில் சொன்ன பூவுக்கு இது நாம் செய்யும் மரியாதையா?

விவசாயிக்கு வயிற்றுப்பாடு இருக்கிறது. அழகுக்காக வளர்க்கும் நமக்கு என்ன அவசரம்? அதனால்தான் விதை என்கிறேன்.

முறை எளிது. காய்ந்து வெடித்த காயின் சிவப்பு விதைகளை எடுத்து நிழலில் உலர்த்தி வையுங்கள். புது விதை உடனே முளைக்காது. சில மாதம் உறங்கும். அடுத்த மழைக்காலத்தில் செம்மண், மணல், மட்கிய எரு கலந்த ஆழமான தொட்டியில் விரல்கணு ஆழத்துக்கும் குறைவாக விதையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. ஒன்று இந்த மாதம் முளைக்கும், இன்னொன்று இரண்டு மாதம் கழித்து முளைக்கும். முதல் வருடம் புல் போல நாலு இலைதான் வரும். பிறகு அதுவும் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். உள்ளே சின்னக் கிழங்கு தூங்குகிறது. கோடையில் தண்ணீரை நிறுத்திவிட்டு, மழை வந்ததும் ஊற்றுங்கள். இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொண்டு ஏறும். ஒரு குச்சி நட்டால் போதும். தொட்டி மாற்றும்போது கிழங்கின் நுனியை உடைத்துவிடாதீர்கள், முளை அங்கேதான் இருக்கிறது.

கையுறை போட்டு வேலை செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளும் ஆடுமாடும் எட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆரம்பத்தில் வெறும் வாந்தி பேதி போலத்தான் தெரியும். அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

முதல் வருடம் பச்சை, மூன்றாம் நான்காம் வருடம் பூ. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் ரத்தச் சிவப்பாகும். ஒரே பூவில் அத்தனையும் பார்க்கலாம். உங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர் இருந்தால் கீழே எழுதுங்கள். விதை வைத்திருப்பவர்கள் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். மலையில் இருப்பது மலையிலேயே இருக்கட்டும்.